கருவி ஒலித்த பின்

புதையல் என்னும் சொல்லுக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. உழைத்துச் சேர்த்த பொருளைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விடுகிறவர்களும், புதைந்து கிடக்கும் பொருளைப் பற்றிப் பேச்செடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில், பாழடைந்த கோட்டையின் அடியில் பொற்குடமும் அதைக் காக்கும் பூதமும் தவறாமல் இடம்பெறும். குடத்தை எடுத்தவன் யார் என்பதைவிட, எடுத்த பின் அவன் என்ன ஆனான் என்பதைத்தான் அக்கதைகள் கவலையோடு சொல்லும். இன்று பூதம் போய்விட்டது. அதன் இடத்தில் மின்கலத்தால் இயங்கும் ஒரு கருவி வந்திருக்கிறது. பாட்டிமாரின் கவலை மட்டும் அப்படியே நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், விடுப்பில் சென்ற ஒரு பங்குத்தந்தையின் இடத்தில் இரு மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கோதுமையும் பார்லியும் விளையும் பரந்த சமவெளி அது. அப்பங்கில் நம் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சென்று குடியேறிய குடும்பம் ஒன்று இருந்தது. தாய் செவிலியர், தந்தைக்கு ஒரு கிடங்கில் வேலை. அவர்களுடைய மகனுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள் நெருங்கிக் கொண்டிருந்தது. மிதிவண்டியோ கைப்பேசியோ கேட்பான் என்று பெற்றோர் எதிர்பார்த்திருக்க, அவன் மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

"எதை வாங்குவதென்று எங்களுக்கு விளங்கவில்லை ஃபாதர். ஐம்பது பவுண்டுக்கும் கிடைக்கிறது, ஆயிரம் பவுண்டுக்கும் கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்த பின் ஒரே மாதத்தில் மூலையில் போட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று தந்தை நம்மிடம் கேட்டார். நமக்கும் அக்கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வரும் முதியவர் ஒருவர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கருவியோடு வயல்களில் நடப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். சிறுவனை அவரிடம் அழைத்துச் சென்றோம்.

அந்த முதியவர் கருவியைப் பற்றிப் பேசவே இல்லை. "யாருடைய நிலத்தில் தேடப் போகிறாய்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அந்நாட்டில் உரிமையாளர் இல்லாத நிலம் இல்லை. அவருடைய அனுமதியின்றி அதில் தேடுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில், அரசின் தனி அனுமதி இல்லாமல் இக்கருவியைப் பயன்படுத்துவதை 1979-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் நாங்கள் நிலக்காரரிடம் போனோம். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில், அடுத்த உழவு வரை தேடிக்கொள்ளலாம் என்று அந்த விவசாயி இசைந்தார். கிடைப்பது எதுவாயினும் தமக்குக் காட்ட வேண்டும், தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், கதவைத் திறந்து போடக் கூடாது என்பவை அவருடைய நிபந்தனைகள். சிறுவன் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தான்.

அதன் பிறகே கருவியின் பேச்சு வந்தது. இக்கருவி வேலை செய்யும் விதம் எளிதானது. கோலின் நுனியிலுள்ள தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. 1881-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியோடுதான் ஓடினார். கட்டிலின் இரும்புச் சுருள்கள் குழப்பியதால் அம்முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியைப் பிரித்தானியாவில் உருவாக்கினார். காப்புரிமை கேளாமல் அதை அவர் நேச நாட்டுப் படைக்கு வழங்கினார். அவ்வழி வந்த கருவிகளை ஏந்தித்தான் இலங்கையின் வன்னி நிலத்தில் நம் தமிழ்ப் பெண்கள் பலர், ஆண்டுக்கணக்கில் முழந்தாளிட்டு, கண்ணிவெடிகளை ஒவ்வொன்றாக அகற்றி மண்ணை மக்களுக்கு மீட்டுக் கொடுத்து வருகிறார்கள். பொழுதுபோக்கிற்காக இதை வாங்குகிறவர்கள் அக்கைகளை ஒருமுறையேனும் நினைத்துக்கொள்வது நன்று.

தொடக்க நிலையில் இருப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? முதியவர் சொன்னவற்றை நமக்கு விளங்கிய வரையில் தொகுத்துச் சொல்கிறோம். முதலாவது, எடை. மூன்று மணி நேரம் இடமும் வலமும் வீச வேண்டிய கருவி. ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் சிறுவனின் தோள் தாங்காது. இரண்டாவது, தேடும் தட்டின் அளவு. பெரிய தட்டு சற்று ஆழமாகவும் அகலமாகவும் பார்க்கும். ஆனால் ஆணியும் குப்பையும் நிறைந்த மண்ணில் குழம்பிப் போகும். ஏறத்தாழ 9 முதல் 11 அங்குலம் வரையுள்ள தட்டு முதல் கருவிக்குப் போதும். மூன்றாவது, அலைவெண். குறைந்த அலைவெண் பெரிய வெள்ளி, செம்புப் பொருள்களையும், உயர்ந்த அலைவெண் மெல்லிய சிறு பொருள்களையும் நன்றாக உணரும். ஒற்றை அலைவெண்ணில் இயங்கும் எளிய கருவிகள் உலர்ந்த வயலுக்கு ஏற்றவை. ஈரமான கடற்கரை மணலிலோ உப்பே உலோகம் போல ஒலி எழுப்பி ஏமாற்றும்; அங்கே ஒரே நேரத்தில் பல அலைவெண்களில் இயங்கும் கருவி வேண்டும். நான்காவது, தண்ணீர். பல கருவிகளில் தட்டை நனைக்கலாம். கைப்பிடிக்கு மேலுள்ள பெட்டியை நனைக்கக் கூடாது. இதை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்களைச் சொல்வதானால், அமெரிக்காவின் காரெட் நிறுவனத்து ஏஸ் வரிசை, ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனத்து வாங்க்விஷ் வரிசை, துருக்கியின் நோக்டா நிறுவனத்து சிம்ப்ளெக்ஸ் வரிசை ஆகிய மூன்றும் தொடக்கக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டவை. ஏஸ் வரிசையில் பொத்தான்கள் குறைவு. ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். வாங்க்விஷ் பல அலைவெண்களில் இயங்குவதால் கடற்கரைக்கும் உதவும். 2019-இல் வந்த சிம்ப்ளெக்ஸ் முழுவதும் நீர் புகாதது. பொம்மைக் கடைகளில் கிடைக்கும் மிக மலிவானவற்றை வாங்க வேண்டாம் என்றார் முதியவர். குழந்தையின் ஆர்வத்தை அவை முதல் நாளே கொன்றுவிடும். மிக விலையுயர்ந்தவையும் வேண்டாம். அவற்றின் நுட்பங்கள் தொடக்கக்காரரை மிரட்டிவிடும். கையிலுள்ள தொகை முழுவதையும் கருவியிலேயே செலவழித்துவிடாமல், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறிய கைக்கருவிக்கும், உறுதியான சிறு மண்வெட்டிக்கும், ஹெட்ஃபோனுக்கும், விபத்துக் காப்பீட்டோடு கூடிய சங்க உறுப்பினர் கட்டணத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி நம் உள்ளத்தில் தைத்தது. இக்கருவிகளில் 'பிரித்தறிதல்' என்றொரு வசதி இருக்கிறது. வேண்டாத உலோகங்களுக்கு ஒலிக்காதபடி அதைக் கொண்டு அமைத்துவிடலாம். குப்பை தோண்டிச் சலித்தவர்கள் அலுமினியத் தகட்டையும், குளிர்பான டின்னின் மூடி வளையத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் அந்த மூடி வளையமும் கருவியின் காதுக்கு ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசும். குப்பையைக் கேட்க மறுக்கிறவன் தங்கத்தையும் கேட்காமலே கடந்துவிடுவான். "முதல் ஆண்டு எல்லாவற்றையும் தோண்டு. காது தானாகப் பழகும்" என்றார் அவர். இளங்குருமடத்தில் நமக்குக் கற்பித்த ஆசான்களும் மனிதர்களைப் பற்றி இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே நம் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்தே தங்கத்தைக் காட்டும், நூறு அடி ஆழத்தையும் துருவிப் பார்க்கும் என்றெல்லாம் விளம்பரப்படுத்தப்படும் கருவிகள் நம் நாட்டிலும் விற்கப்படுகின்றன. நல்ல தொடக்கக் கருவி ஒரு சிறு நாணயத்தை ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரையில்தான் உணரும். அதற்கு மேல் வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். காணாமற்போன கோல்ஃப் பந்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று விற்கப்பட்ட ஒரு போலிப் பொருளையே, வெடிகுண்டுகளைக் கண்டறியும் கருவி என்று பெயர் மாற்றி ஈராக் முதலிய நாடுகளுக்குப் பெரும் விலைக்கு விற்ற ஒருவர், 2013-இல் இலண்டனில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பொருளை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? ஆசைக்கு விற்கப்படும் பொய், உயிரைக் குடிக்கும் இடம் வரைக்கும் போய்விடுகிறது.

சிறுவனுக்கு எளிய கருவி ஒன்று வாங்கப்பட்டது. மாலை வேளைகளில் முதியவரும் அவனும் வயலில் நடக்க, வேலை முடிந்த நாள்களில் தந்தையும், மறையுரை ஆயத்தம் முடிந்த நாள்களில் நாமும் உடன் நடந்தோம். தட்டைத் தரையை ஒட்டி, மெதுவாக, முந்திய வீச்சின் மேல் சற்றுப் படியுமாறு வீச வேண்டும். அவசரக்காரனுக்கு மண் ஒன்றும் சொல்லாது. முதல் மூன்று வாரங்களில் கிடைத்தவை: துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிகள், ஈயத் துண்டுகள், ஒரு கால்சட்டைப் பொத்தான், டிராக்டரின் திருகாணி, எண்ணற்ற தகட்டுத் துணுக்குகள். சிறுவன் அவற்றைக் கழுவி, தேதியிட்டு, ஒரு பெட்டியில் அடுக்கினான்.

நாம் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், கருவி தெளிந்த உயர்ந்த குரலில் ஒலித்தது. ஒரு சாண் ஆழத்தில், நகத்தைவிடச் சற்றே பெரிதாக, தாள் போல மெலிந்த ஒரு வெள்ளிக் காசு. சுத்தியலால் அடித்துச் செய்யப்பட்ட இடைக்காலத்துக் காசு என்றார் முதியவர். அதன் ஒரு பக்கத்தில் நீண்ட கைகளையுடைய சிலுவை. கடைசியாக அதைத் தொட்ட கை மண்ணாகிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சிறுவன் பேச்சற்றுப் போனான்.

தந்தை நம்மைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஒரே ஒரு காசுதானே ஃபாதர், இதையும் அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? பையன் எவ்வளவு ஆசையாக இருக்கிறான். சொன்னால் வாங்கிக்கொள்வார்களே." பேராசை பிடித்த மனிதரின் கேள்வி அன்று இது. இரவுப்பணி பார்த்து, அந்நிய மண்ணில் மகனுக்கென்று எதையாவது தேடித் தர முயலும் ஒரு தந்தையின் கேள்வி. ஆகவே நாம் அதற்கு மறையுரையால் விடை சொல்லவில்லை. "பையனையே கேட்போமே" என்றோம். அதற்குள் சிறுவன் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விவசாயியின் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். கையொப்பமிட்டது அவன் அல்லவா?

விவசாயி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தம் பாட்டன் காலத்திலிருந்து உழும் வயலில் இப்படியொன்று கிடந்ததா என்று வியந்தார். முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு, பின்பு நீயே வைத்துக்கொள் என்று சிறுவனிடமே திருப்பித் தந்தார்.

பதிவு என்றால் என்ன? இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களும், ஒரே இடத்தில் கிடைத்த அத்தகைய காசுகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அவையும் புதையலாகும். 14 நாள்களுக்குள் அவற்றை மாவட்ட மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டால் அதன் மதிப்பைக் கண்டெடுத்தவரும் நிலக்காரரும் பெரும்பாலும் சரிபாதியாகப் பெறுவர். தனிக்காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆயினும் அத்தகைய பொருள்களை விருப்பத்தோடு பதிவு செய்வதற்கு 1997 முதல் ஒரு திட்டம் நடைபெறுகிறது. மாவட்டந்தோறும் அதற்கென அலுவலர் உண்டு. 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன. அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறிக்கும்போது மறைந்த சாலைகளும் சந்தைகளும் ஊர்களும் எழுந்து நிற்கின்றன. சிறுவனின் காசும் அவற்றுள் ஒரு புள்ளியாயிற்று.

அன்று மாலை முதியவர், அதே மாவட்டத்தில் ஹாக்ஸன் என்னும் சிற்றூரில் நடந்ததைச் சொன்னார். 1992 நவம்பர் 16 அன்று ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரும்படி தம் நண்பர் எரிக் லாஸ் என்பவரைக் கேட்டுக்கொண்டார். சுத்தியலைத் தேடிப் போன கருவி வேறொன்றைக் கண்டு ஒலித்தது. வெள்ளிக் கரண்டிகள், பொன் நகைகள், காசுகள். லாஸ் ஓரளவு தோண்டிய பின் கையை எடுத்துக்கொண்டார். நில உரிமையாளருக்கும் காவல்துறைக்கும் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலார் வந்து முறைப்படி தோண்டினர். ஏறத்தாழ 15 ஆயிரம் ரோமக் காசுகளும் 200 பொன், வெள்ளிப் பொருள்களும் வெளிவந்தன. அவர் நிறுத்தியதால்தான், மட்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எதனோடு அடுக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. பதினேழரை இலட்சம் பவுண்டு வெகுமதியை அவர் அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது; அது இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 2015-இல் ஹெரஃபோர்டுஷயரில் லெம்ஸ்டர் அருகே இருவர், வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, எவருக்கும் அறிவிக்காமல் விற்கத் தொடங்கினர். அதில் ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. மீட்கப்பட்டவை முப்பது அளவிலேயே. 2019-இல் அவர்கள் சிறை சென்றனர். மிஞ்சிய காசுகளில் சிலவற்றில் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரெடும் மெர்சியாவின் மன்னர் கியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாகக் காட்சி தருகிறார்கள். பிற்காலத்து ஏடுகள் கியோல்வுல்ஃபை வெறும் பொம்மை மன்னராகவே காட்டியிருந்தன. காணாமற்போன காசுகள் இன்னும் என்ன சொல்லியிருக்கும்? பொன்னைத் திருடியவர்கள் ஒரு நாட்டின் நினைவையும் சேர்த்துத் திருடிவிட்டார்கள். முறையாக அறிவித்திருந்தால் அவர்களுக்குப் பெருந்தொகை சட்டப்படியே கிடைத்திருக்கும் என்பதே இதில் பெரிய சோகம்.

ஹாக்ஸன் புதையலில் நம்மை நிறுத்தி வைத்த பொருள் ஒன்று உண்டு. பெண்ணின் மார்பளவு உருவமாகச் செய்த, பொன்முலாம் பூசிய வெள்ளி மிளகுச் சிமிழ். அடியிலுள்ள வட்டைத் திருப்பினால் மிளகுத்தூள் உதிரும். அத்தகைய சிமிழ்கள் நான்கு அங்கே இருந்தன. அந்த மிளகு எங்கிருந்து போயிற்று? நம் மேற்கு மலைச் சரிவுகளில் விளைந்து, முசிறியில் கப்பலேறிப் போனதல்லவா! மிளகு அங்கே போக, பொன் இங்கே வந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் அறியவந்த புதையலில் மட்டும் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. முறையாகத் தோண்டிப் பாதுகாத்ததால், சஃபோக் வயலின் ஒரு சிமிழில் நம் நாட்டு வரலாற்றின் ஒரு துளியும் நமக்குக் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் நம் ஊரில் கருவியோடு கிளம்பிவிட வேண்டாம். இங்கே நடைமுறை வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ பழம்பொருள் தட்டுப்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மண்வெட்டியை நிறுத்திவிட்டு அறிவிப்பது. ஒரு பானை ஓடுகூடத் தன் இடத்தில் இருக்கும் வரைதான் பேசும், பெயர்த்தெடுத்தால் ஊமையாகிவிடும். 2014-இல் தொடங்கிய கீழடி அகழாய்வு நமக்குப் புகட்டியதும் இதுவே.

நற்செய்தியில் நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்ட மனிதனின் உவமையை நாம் அறிவோம். அது இறையாட்சியின் மகிழ்ச்சியைப் பற்றியது. நிலச் சட்டத்தைப் பற்றியது அன்று. ஆயினும் அம்மனிதன் இரவோடிரவாகத் தோண்டிக்கொண்டு ஓடவில்லை. தனக்குள்ள யாவற்றையும் விற்று நிலத்தையே வாங்கினான். புதையலைத் தொடுமுன் நிலத்தின் உரிமையைத் தேடினான் என்பது சிந்தித்துப் பார்க்கத்தக்கது.

நல்ல கருவியைத் தேர்ந்தெடுக்க எடையும் தட்டும் அலைவெண்ணும் தெரிந்தால் போதும். ஒரு மாலைப்பொழுதில் அதைக் கற்றுவிடலாம். 2009-இல் ஸ்டாஃபோர்டுஷயர் வயலில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்குவியலை வெளிக்கொணர்ந்ததுகூட 14 ஆண்டு பழமையான ஒரு கருவிதான். அந்தக் கருவி ஒலித்த பின் வரும் சில நிமிடங்களுக்கு உதவும் கருவியை எந்தக் கடையும் விற்பதில்லை. அதைப் பெற்றோரும் முதியோரும்தான் பிள்ளைகளுக்குச் சிறுகச் சிறுகப் பழக்கித் தர வேண்டும். அனுமதி கேட்டு நுழையவும், கிடைத்ததை உரியவருக்குக் காட்டவும், தோண்டிய குழியை மூடிவிட்டு வரவும் பழகிய பிள்ளைக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் பங்குகளிலும் பெருகட்டும்.